வாய் திறவாத வழக்கறிஞர்

மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு

மேடை ஏறிப் பேசுவது சிலருக்குத் தண்ணீர் பட்ட பாடு. எனக்கோ அது தண்ணீரில் விழுந்த பாடு. முதலாண்டில் இலக்கிய மன்றத் தொடக்க விழாவில் வரவேற்புரை சொல்லும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார்கள். பத்தே வரிகள். மூன்று நாள் உருப்போட்டேன். எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. தெருவில் பாதி கன்னடம். தமிழ் நான் பள்ளியில் கற்ற மொழி. ஓசூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கும் இதே கதைதான். ஒலிபெருக்கி முன் நின்றதும் மூன்று மொழியும் ஒருசேர என்னைக் கைவிட்டன. அவைக்கு வணக்கம் சொன்னது நினைவிருக்கிறது. பின்வரிசையில் எழுந்த சிரிப்பொலி நினைவிருக்கிறது. இடையில் என்ன நடந்தது என்பதை அங்கிருந்த நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அதன்பின் எனக்கு அறிவுரைக்குக் குறைவில்லை. கிரேக்க நாட்டு டெமாஸ்தனிஸ் வாயில் கூழாங்கற்களைப் போட்டுக்கொண்டு பேசிப் பழகி நாவலர் ஆன கதையை நால்வர் சொன்னார்கள். தென்பெண்ணைக் கரையில் கூழாங்கல்லுக்குப் பஞ்சமில்லை. ஆனால் என் குறை நாவில் இல்லையே! தோழியரிடம் மணிக்கணக்கில் வாயாடுகிறவள்தான் நான். நூறு முகங்கள் ஒன்றாகத் திரும்பிப் பார்க்கும்போதுதான் உள்ளே ஏதோ ஒன்று கதவைச் சாத்திக்கொள்கிறது. எங்கள் துறைப் பேராசிரியை மட்டும் அறிவுரை எதுவும் சொல்லாமல், நூலகத்திலிருந்து சத்திய சோதனையை எடுத்துக் கொடுத்தார்.

காந்தியடிகளின் வாழ்க்கையை நாம் ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்து வருகிறோம். கூச்சம் மிகுந்த சிறுவர். தென்னாப்பிரிக்காவில் இரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்டார். அன்றே வீரர் ஆனார் என்று பாடம் முடிந்துவிடும். நான் படித்த நூலில் வருபவர் அவ்வளவு விரைவில் மாறிவிடவில்லை. அவரைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

1869 அக்டோபர் 2 அன்று போர்பந்தரில் பிறந்த மோகன்தாஸ், இராசகோட்டைப் பள்ளியில் படித்த காலத்தில் யாருடனும் பேசமாட்டார். மணி அடிக்கும் நேரத்துக்குப் பள்ளிக்குள் நுழைவார். மணி அடித்து முடிந்ததும் வீட்டுக்கு ஓடுவார். நடந்து போனால் யாரேனும் வழிமறித்துப் பேசிக் கேலி செய்துவிடுவார்களோ என்ற அச்சமே அந்த ஓட்டத்துக்குக் காரணம். 1888-இல் சட்டம் பயில இலண்டன் புறப்பட்டபோது, படித்த பள்ளியில் அவருக்கு வழியனுப்பு விழா நடந்தது. நன்றி சொல்ல நாலு வார்த்தை எழுதிக்கொண்டு போனார். அதைப் படிக்கும்போதே தலை சுற்றியது. உடல் முழுதும் நடுங்கியது. எப்படியோ தட்டுத் தடுமாறி முடித்தார். அப்போது அவருக்கு வயது 18. அதாவது நம் முதலாண்டு வயது.

கப்பலில் நிலைமை இன்னும் மோசம். பரிமாறுகிறவரிடம் எந்த உணவில் இறைச்சி இல்லை என்று ஆங்கிலத்தில் கேட்கக் கூச்சம். ஆகவே உணவு மேசைக்கே போகாமல், ஊரிலிருந்து கொண்டுவந்த இனிப்பையும் பழங்களையும் அறையிலேயே தின்று காலம் தள்ளினார். உடன் வந்த மஜும்தார் என்ற ஜூனாகட் வழக்கறிஞர், வக்கீல் ஆகப் போகிறவனுக்கு நா நீளமாக இருக்க வேண்டும், பிறர் மொழியில் பிழை வராமல் இராது, துணிந்து பேசு என்று எடுத்துச் சொன்னார். பயனில்லை. இந்த இடத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே வெட்கமும் வந்தது. இரண்டாம் பருவம் முழுவதும், சிற்றுண்டிச்சாலையில் என் தமிழைக் கேட்டுச் சிரிப்பார்களோ என்று நானும் வீட்டுக் கேழ்வரகுக் களியையே தூக்கில் கொண்டுவந்து தின்றவள்.

இலண்டனில் அவர் பேச்சுக்கலை பயில முயன்றதும் உண்டு. ஆங்கிலக் கனவானாக மாற வேண்டும் என்ற ஆசையில் நடனம், வயலின், பிரெஞ்சு மொழி இவற்றோடு சொற்பொழிவுப் பயிற்சிக்கும் ஒரு கினி கட்டணம் செலுத்தினார். பெல் என்பவரின் பாடநூலையும் வாங்கினார். பிட் என்னும் ஆங்கில அமைச்சரின் உரை ஒன்றில் பாடம் தொடங்கியது. சில நாளிலேயே இதெல்லாம் வீண் எனத் தோன்ற, விட்டுவிட்டார். பேச்சுப் பயிற்சி நூல்களில் இந்த ஒரு கினியைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. எழுதினால் அந்த நூல்கள் விலைபோகா அல்லவா!

பிறகு மரக்கறி உணவுச் சங்கத்தில் சேர்ந்தார். அதன் நிர்வாகக் குழுவிலும் இடம் பெற்றார். தனியே பேசும்போது தடையின்றிப் பேசுவார். குழுவில் உட்கார்ந்தால் வாய் திறவார். எழுந்து பேச எண்ணி அவர் சொற்களைத் தேடிக்கொண்டிருக்கும்போதே பேச்சு அடுத்த பொருளுக்குப் போய்விடும். இந்த வேதனையை அனுபவித்தவர்கள் நம் வகுப்பறையிலேயே பத்துப் பேர் இருப்பார்கள்.

அந்தக் குழுவில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். அலின்சன் என்ற மருத்துவர் சங்கத்தின் உறுப்பினர். கருத்தடை முறைகளைத் தொழிலாளர் குடும்பங்களிடையே பரப்பி வந்தார். சங்கத் தலைவர் ஹில்ஸ், தேம்ஸ் இரும்பாலையின் உரிமையாளர். சங்கமே பெரும்பாலும் அவர் பணத்தில்தான் நடந்தது. அவருக்கு அலின்சனின் கொள்கை பிடிக்கவில்லை. சங்கத்தை விட்டு விலக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். மோகன்தாசுக்கும் அலின்சனின் கொள்கை உடன்பாடு அன்று. ஆயினும் மரக்கறி உணவை ஏற்றுக்கொண்ட ஒருவரை வேறொரு கொள்கைக்காக வெளியேற்றுவது முறையன்று என்று பட்டது. தலைவர்மேல் அவருக்கு மதிப்பு அதிகம். எதிர்த்துப் பேசவும் வேண்டும், பேசவும் வராது. என்ன செய்தார்? தம் கருத்தை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனார். கூட்டத்தில் எழுந்து அதைப் படிக்கக்கூட நா எழவில்லை. தலைவரே வேறொருவரைக் கொண்டு படிக்கச் செய்தார். அலின்சன் தோற்றார். மோகன்தாஸ் நின்ற கட்சி தோற்ற கட்சி.

இந்நிகழ்ச்சியைத் தோல்வி என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பணமும் பதவியும் உள்ளவரின் முகத்துக்கு நேரே, அயல்நாட்டு மாணவர் ஒருவர் மாறுபட்ட கருத்தை வைத்தார். குரல்தான் இரவல், கருத்து அவருடையது. அன்று அவர் படிக்க முடியாமற் போன தாளையும் எழுதாமலே இருந்திருந்தால் அதைத்தான் நான் தோல்வி என்பேன்.

வெண்ட்னர் என்ற கடற்கரை ஊரிலும் இதே கதை நடந்தது. மரக்கறிக் கூட்டம் ஒன்றில் பேச அழைப்பு வந்தது. எழுதியது ஒரு முழுத்தாள் அளவுகூடப் பெருகவில்லை. எழுந்து நின்றதும் கண் இருண்டது, உடல் நடுங்கியது. கப்பலில் அறிவுரை சொன்ன அதே மஜும்தார்தான் வாங்கிப் படித்து முடித்தார். 1891-இல் நாடு திரும்பும் முன், இலண்டன் ஹோல்பர்ன் உணவகத்தில் நண்பர்களுக்கு விருந்தளித்தார். இம்முறை நகைச்சுவையாகப் பேசத் திட்டம். அடிசன் என்ற எழுத்தாளர் நாடாளுமன்றத்தில் முதற் சொற்றொடரையே மும்முறை சொல்லித் தவித்து உட்கார்ந்த கதையை எடுத்து, அதிலிருந்து தம் உரையைத் தொடங்க எண்ணினார். கதையின் தொடக்கத்தைச் சொன்னதுமே நினைவு நின்றுபோயிற்று. வந்தவர்களுக்கு நன்றி கூறி அமர்ந்தார். பேச்சு மறந்தவனைப் பற்றிப் பேச வந்தவர் பேச்சை மறந்தார்! எந்த நகைச்சுவையும் இதற்கு ஈடாகாது. ஆனால் அன்று அவர் சிரித்திருக்கமாட்டார்.

பாரிஸ்டர் பட்டத்தோடு பம்பாய் வந்தார். சிறுவழக்கு நீதிமன்றத்தில் மாமிபாய் என்ற பெண்மணிக்காக வாதாடும் வாய்ப்புக் கிடைத்தது. கட்டணம் 30 ரூபாய். எதிர்த்தரப்புச் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார். தலை சுற்றியது, நீதிமன்றமே சுழல்வதுபோல் இருந்தது. கேட்பதற்கு ஒரு கேள்வியும் தோன்றவில்லை. அப்படியே அமர்ந்து, தம்மால் இயலாது என்று வழக்கைக் கொண்டுவந்த முகவரிடம் சொல்லி, கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறினார். பட்டேல் என்பவர் 51 ரூபாய்க்கு அவ்வழக்கை ஏற்றார். அவருக்கு அது பிள்ளை விளையாட்டு. தென்னாப்பிரிக்கா போகும் வரை மோகன்தாஸ் மறுபடி நீதிமன்றத்தில் எழுந்து நிற்கவே இல்லை. மாதம் 75 ரூபாய்க்கு ஆங்கில ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பித்தார். பட்டதாரி இல்லை என்று அதுவும் கிடைக்கவில்லை. இராசகோட்டைக்குத் திரும்பி, பிறருக்கு மனு எழுதிக் கொடுத்துப் பிழைத்தார். மனு எழுதுவதில் மாதம் 300 ரூபாய் வந்தது. எழுத்து வந்தது, பேச்சுத்தான் வரவில்லை. குடும்பம் கடன் பட்டு இலண்டன் அனுப்பியது இதற்காகவா என்று அவர் எத்தனை இரவு எண்ணியிருப்பார்?

பின்னாளில் தம் வரலாற்றை எழுதும்போது, இந்தக் கூச்சம் தமக்கு ஒரு கேடயமாக இருந்தது, சொற்களைச் சிக்கனமாக ஆளக் கற்றுக் கொடுத்தது என்று காந்தியடிகள் நன்றியோடு கூறுகிறார். பெரியோர் சொல்லை மறுக்கும் தகுதி எனக்கில்லை. ஆயினும் அது அறுபதை நெருங்கியவர் திரும்பிப் பார்த்துப் போட்ட கணக்கு. பம்பாய் நீதிமன்றத்திலிருந்து 30 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கிய இளைஞருக்கு அது கேடயமாகத் தெரிந்திராது. வெறும் வலியாகத்தான் இருந்திருக்கும். அதையும் சேர்த்துச் சொன்னால்தான் நம் போன்றவர்கள் நம்புவார்கள்.

1893-இல் தாதா அப்துல்லா நிறுவனத்தின் வழக்குக்காக, 105 பவுன் ஊதியத்தில் தென்னாப்பிரிக்கா சென்றார். பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் நடந்தது நாம் அறிந்ததே. எனக்கு முக்கியமாகப் பட்டது அதற்கடுத்த சில நாட்களில் பிரிட்டோரியாவில் நடந்ததுதான். வழியில் பட்டதைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல், அங்கு வாழும் இந்தியர்களை ஒன்றுகூட்டி அவர்களின் நிலையை அறிய விரும்பினார். ஹாஜி முகம்மது ஹாஜி ஜூசப் என்ற வணிகரின் வீட்டில் கூட்டம். வந்தவர்களில் பெரும்பாலோர் மேமன் வணிகர்கள்; இந்துக்கள் சிலரே. வாழ்நாளில் அவர் செய்த முதற் சொற்பொழிவு என்று அதையே அவர் குறிப்பிடுகிறார். பொருள், வணிகத்தில் வாய்மை. வணிகத்தில் உண்மை செல்லாது என்று சொல்லிப் பழகியவர்கள் முன்பு அதை மறுத்துப் பேசினார். அயல்நாட்டில் ஒருவன் செய்யும் பிழை இலட்சக்கணக்கான நம்மவர் தலையில் விழும் என்பது அவர் வாதம். நன்றாக ஆராய்ந்து ஆயத்தமாகப் போயிருந்தார். பேச்சு நின்றுபோகவில்லை.

அதோடு விடவில்லை. ஆங்கிலம் தெரியாமல் அவர்கள் படும் துன்பத்தைக் கண்டு, விரும்புவோருக்குத் தாமே கற்பிப்பதாகச் சொன்னார். மூவர் முன்வந்தனர்: முடிதிருத்துபவர் ஒருவர், எழுத்தர் ஒருவர், சிறு கடைக்காரர் ஒருவர். அவர்கள் வரவில்லையென்றால் இவர் அவர்கள் கடைக்குப் போவார். முடிதிருத்துபவருக்கு வேண்டியது வாடிக்கையாளரோடு பேசும் அளவு ஆங்கிலம், அவ்வளவுதான் கற்றார். ஆங்கிலம் பேசக் கூசிக் கப்பல் அறையில் பழம் தின்றவர், ஐந்தே ஆண்டில் முடிதிருத்தும் கடையில் உட்கார்ந்து ஆங்கிலம் பேசக் கற்றுக் கொடுத்தார். சத்திய சோதனையில் நான் மிகவும் விரும்பும் பகுதி இதுதான்.

பிரிட்டோரியாவில் மட்டும் எப்படி நா எழுந்தது? இலண்டனிலும் பம்பாயிலும் அவர் எழுந்து நின்றபோது, பார்க்கப்படுகிறவர் அவர்தான். நன்றாகப் பேசுகிறாரா, பாரிஸ்டருக்கு ஏற்ற பேச்சா என்று அவை அளந்தது. அல்லது அளப்பதாக அவர் எண்ணினார். பிரிட்டோரியாவில் பேசப்பட்டது கேட்டவர்களின் வாழ்க்கை. அவரை அளக்க அங்கு யாருக்கும் நேரமில்லை. இது என் ஊகம், பேராசிரியர்கள் திருத்தலாம்.

இத்துடன் அச்சம் ஒழிந்தது என்று எழுதி முடித்தால் கட்டுரை அழகாக இருக்கும். ஆனால் உண்மை அப்படியில்லை. 1896-இல் தென்னாப்பிரிக்க இந்தியரின் குறைகளைச் சொல்ல இந்தியா வந்தார். பம்பாயில் பெரோஸ்ஷா மேத்தா ஏற்பாடு செய்த கூட்டம். உரையை முன்கூட்டியே எழுதி அச்சிட்டுவிட வேண்டும் என்று மேத்தா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அரங்கு நிரம்பி வழிந்தது. படிக்கத் தொடங்கியதும் குரல் உள்ளே போயிற்று. உரக்கப் படிக்கச் சொல்லச் சொல்ல இன்னும் தாழ்ந்தது. முடிவில் வாச்சா அதை வாங்கிப் படித்தார். வெண்ட்னரில் மஜும்தார், பம்பாயில் வாச்சா. அதே ஆண்டு அக்டோபர் 26 அன்று சென்னைப் பச்சையப்பன் மண்டபத்தில் பேசினார். நேட்டாலில் எசமானனால் பல் உடைபட்டு, தலைப்பாகையைக் கையில் ஏந்தி அவரிடம் ஓடிவந்த பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலித் தொழிலாளியின் கதை சென்னை மக்களை உருக்கிவிட்டது. பச்சை அட்டைப் புத்தகம் என்று பெயர் பெற்ற அவருடைய சிறுநூலை மீண்டும் பத்தாயிரம் படிகள் அச்சிட வேண்டியதாயிற்று. 1901-இல் கல்கத்தா காங்கிரசில் தென்னாப்பிரிக்கத் தீர்மானத்தை முன்மொழிய எழுந்தார். மீண்டும் தலை சுற்றியது. ஐந்து நிமிடம் தரப்பட்டிருந்தது. இன்னும் இரண்டு நிமிடம் இருக்கிறது என்று எச்சரிக்க அடித்த மணியை முடிவு மணி என்று எண்ணி, மனம் நொந்து அமர்ந்துவிட்டார். அப்போது அவருக்கு 32 வயது. பள்ளியில் நடுங்கிய நாளிலிருந்து 13 ஆண்டுகள் ஓடிவிட்டன.

1906 செப்டம்பர் 11 அன்று ஜோகன்னஸ்பர்க் எம்பயர் நாடக அரங்கில் ஏறத்தாழ 3,000 பேர் முன்பு உறுதிமொழியின் பொருளை விளக்கி அவர் பேசியதும், 1916-இல் காசி இந்துப் பல்கலைக்கழக விழாவில் மன்னர்கள் முகம் சுளித்து எழுந்து போகும்படி பேசியதும் பாடநூல்களில் உள்ளவை. விரிக்கவில்லை.

நம் பகுதியோடு தொடர்புடைய செய்தி ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த இராஜாஜி, 1919-இல் சேலத்திலிருந்து சென்னைக்குக் குடியேறியிருந்தார். அவ்வாண்டு மார்ச்சில் அவர் இல்லத்தில்தான் காந்தியடிகள் தங்கினார். ரௌலட் சட்டத்தை எதிர்த்து நாடெங்கும் கடையடைக்கும் எண்ணம் ஒரு விடியற்காலையில் அங்குதான் தோன்றியது. கடும் நோயிலிருந்து அப்போதுதான் எழுந்திருந்தார். நின்று பேசினால் உடல் முழுதும் நடுங்கும், நெஞ்சு படபடக்கும். அந்த இயலாமை நெடுங்காலம் நீடித்தது, அமர்ந்தபடியே பேசினார். கேளுங்கள் நண்பர்களே! 1888-இல் அச்சத்தால் நடுங்கிய அதே உடல், 1919-இல் நோயால் நடுங்கியது. முதல் நடுக்கத்தில் பேச்சு நின்றது. இரண்டாம் நடுக்கத்தில் அவர் உட்கார்ந்துகொண்டார், பேச்சு நிற்கவில்லை. பின்னர்த் தமிழகச் சுற்றுப்பயணங்களில், பல கூட்டங்களில் அவர் பேச்சை உடனுக்குடன் தமிழாக்கியவர் அந்தத் தொரப்பள்ளிக்காரரே. அவர் பிறந்த வீடு இன்று நினைவு இல்லம். நான் போய்ப் பார்த்தேன். பெரிய கோட்டை கொத்தளம் ஒன்றும் இல்லை, சிறிய ஓட்டு வீடு.

தமிழையும் அடிகள் விடவில்லை. 1896-இல் இந்தியா வந்த கப்பலில், மருத்துவர் தேடிக் கொடுத்த ஒரு தமிழ்ப் போதினியை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். தென்னாப்பிரிக்காவில் தம்மோடு சிறை சென்ற தமிழர்களுக்காகப் பிறகும் முயன்றார். சரளமாகப் பேச வரவே இல்லை. அதற்காக அவர் தமிழர் முன் பேசாமல் இருந்துவிடவில்லை.

1931-இல் வட்டமேசை மாநாட்டுக்காக மீண்டும் இலண்டன் போனார். ஒரு தாளைப் படிக்க முடியாமல் தவித்த அதே ஊர். அங்கிருந்து அமெரிக்காவுக்கு வானொலியில் பேச ஏற்பாடாயிற்று. ஒலிவாங்கியைக் கண்டு, இதற்குள்ளா பேச வேண்டும் என்று அவர் கேட்டது அவர் அறியாமலே அமெரிக்கா முழுவதும் ஒலிபரப்பாகிவிட்டது. பிறகு எழுதிய தாள் இல்லாமலே பேசினார். 1947 நவம்பர் 12 அன்று, குருட்சேத்திர முகாமிலிருந்த அகதிகளை நேரில் காண இயலாமல், தில்லி வானொலி நிலையத்துக்குச் சென்று அவர்களுக்காக உரையாற்றினார். அந்நிலையத்துக்கு அவர் சென்றது அந்த ஒரே முறைதான். இரண்டரை மாதத்தில், 1948 சனவரி 30 அன்று, வழிபாட்டுக் கூட்டத்துக்கு நடந்து செல்லும் வழியில் சுடப்பட்டு இறந்தார். அன்று மாலை அவர் பேச வேண்டிய பேச்சு பேசப்படவில்லை.

என் கதைக்கு வருகிறேன், சிறியதுதான். தளிச் சாலையிலிருந்து உள்ளே தள்ளியது எங்கள் ஊர். அம்மா ரோசாப்பூப் பசுமைக்குடிலில் கூலி வேலை செய்கிறார். காலை ஏழேகாலுக்கு வந்துகொண்டிருந்த டவுன் பஸ் நேரம் மாறி ஒன்பது மணி ஆயிற்று. பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணமில்லை. ஷேர் ஆட்டோவுக்கோ நாளொன்றுக்கு அறுபது ரூபாய். எங்கள் ஊரிலிருந்து கல்லூரிக்கு வந்த எட்டுப் பெண்களில் இருவர் படிப்பை நிறுத்திவிட்டு அம்மாவோடு பூப்பறிக்கப் போகிறார்கள். இரண்டு மனு எழுதினோம். பதில் இல்லை.

சென்ற அக்டோபர் 2 அன்று கிராமசபைக் கூட்டம். மனுவை எழுதியவள் நான். ஆகவே படிப்பவளும் நான்தான் என்று மற்ற ஐவரும் தீர்மானித்துவிட்டார்கள். பள்ளி வளாகத்து வேப்பமரத்தடியில் நூறு பேருக்குமேல் இருந்தார்கள். எழுந்தேன். தாள் ஆடியது, எழுத்துகள் ஒன்றோடொன்று கலந்தன. முன்வரிசையில் படிப்பை நிறுத்திய அந்த இருவரும் தலையில் துண்டோடு, வேலைக்குப் பாதிநாள் விடுப்புச் சொல்லி வந்து உட்கார்ந்திருந்தார்கள். தமிழில் நான்கு வரி படித்தேன். ஐந்தாம் வரி வரவில்லை. தாளை மடித்துவிட்டு, மீதியைத் தெலுங்கில் சொன்னேன். யாரும் சிரித்ததாக நினைவில்லை, நான் கவனிக்கவுமில்லை. கால்கள் ஆடிக்கொண்டேதான் இருந்தன.

கூட்டத்தை நடத்திய அலுவலர் வெளியூர்க்காரர். தெலுங்கு தெரியாது. எந்த நேரத்துப் பேருந்து, எத்தனை மாணவிகள் என்று தமிழில் கேட்டார். ஏழேகால், எட்டுப் பேர் என்றேன். ஊராட்சிச் செயலர் தீர்மானப் புத்தகத்தில் ஆறு பேர் என்று எழுதப் போனார். இல்லை ஐயா, எட்டு என்று மறுபடி சொன்னேன். அவர் அடித்துவிட்டு எட்டு என்று எழுதினார்.